குருதிப் புற்றுநோயும் கோரைக் கிழங்கும்

வெள்ளவத்தையில் சாதாரண தர மாணவர்களுக்கு விஞ்ஞானம் படிப்பித்து வருகிறேன். நொதியங்கள் பற்றிய பாடம் வரும்போது, ஒரு பிடி வெறுஞ் சோற்றை வாயில் வைத்து நன்றாக மென்று பார்க்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்வேன். மெல்ல மெல்ல அது இனிக்கத் தொடங்கும். எமது உமிழ்நீரில் உள்ள ஒரு நொதியம் சோற்றின் மாப்பொருளை வெல்லமாக மாற்றுவதே அதற்குக் காரணம். நொதியம் என்பது உடலுக்குள் வேலை செய்யும் ஒரு புரதம். ஒரு பொருளை இன்னொரு பொருளாக மாற்றும் வேலையைச் சில நொடிகளில் முடித்துவிட்டு, தான் மாறாமல் அடுத்த வேலைக்குப் போய்விடும்.

இத்தகைய நொதியம் ஒன்று, குருதிப் புற்றுநோயின் வேர் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது என்று 2012ஆம் ஆண்டு வரை எனக்குத் தெரியாது. அக்காவின் நோய்தான் அதை எனக்குப் படிப்பித்தது. அவருக்கு நான் செய்த ஒரு பிழையையும் சேர்த்தே இதை எழுதுகிறேன். வேறொரு சகோதரி அந்தப் பிழையைச் செய்யாதிருந்தால் போதும்.

களைப்பு என்று நினைத்தோம்

அக்கா 2009இல் கணவரை இழந்தவர். எங்கள் சகோதரர் இருவரில் ஒருவர் அதே ஆண்டு இறந்தார். மற்றவரைப் பற்றி இன்று வரை தகவல் இல்லை. மெனிக் பாம் முகாமில் இருந்து 2010இல் விசுவமடுவுக்குத் திரும்பிய அக்கா, தறப்பாள் கொட்டிலில் இருந்தபடியே மிளகாயும் வெங்காயமும் வைத்து இரண்டு பிள்ளைகளையும் அம்மாவையும் பார்த்து வந்தார்.

2012 தொடக்கத்தில் அவருக்குக் களைப்பு அதிகமானது. கிணற்றடிக்குப் போய் வரவே மூச்சு வாங்கியது. பல்லுத் தீட்டும்போது முரசில் இரத்தம் வந்தது. அடிபடாத இடங்களில் நீலமாகக் கண்டியது. மாதவிடாய் பத்து நாட்களுக்கு மேல் நின்றது. "பட்ட பாட்டுக்கு உடம்பு இப்பதான் கணக்குக் கேக்குது" என்று அக்கா சிரித்தார். நாங்களும் அதை நம்பினோம். காய்ச்சல் விடாமல் காய்ந்தபோதுதான் வைத்தியசாலைக்குப் போனார். அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள்.

களைப்பு வந்தவர் எல்லோருக்கும் புற்றுநோய் என்று எவரும் பயப்பட வேண்டியதில்லை. எமது பெண்களில் பலருக்குக் களைப்பு வருவது இரும்புச் சத்துக் குறைவால்தான். ஆனால் களைப்புடன் சேர்ந்து காரணமின்றி இரத்தம் கசிதல், தோல் கண்டுதல், அடிக்கடி காய்ச்சல் ஆகியன இருந்தால் தாமதிக்காமல் ஒரு முழுமையான குருதிப் பரிசோதனை செய்ய வேண்டும். அது சாதாரணமான, சிறிய பரிசோதனைதான்.

அக்காவுக்கு வந்திருந்தது கடும் மைலொயிட் குருதிப் புற்றுநோய். எலும்புகளுக்குள் இருக்கும் மச்சையில்தான் குருதிக் கலங்கள் உருவாகின்றன. இந்த நோயில் முதிர்ச்சி அடையாத வெண்கலங்கள் அங்கே பெருகி இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. செங்கலங்கள் குறைவதால் களைப்பு வருகிறது. சிறுதட்டுக்கள் குறைவதால் இரத்தம் கசிகிறது. நல்ல வெண்கலங்கள் குறைவதால் கிருமி தொற்றுகிறது. இந்நோய் மற்றவர்களுக்குத் தொற்றாது. பெரும்பாலானோரில் ஏன் வந்தது என்பதற்குக் காரணமும் கண்டுபிடிக்கப்படுவதில்லை. "நான் செய்த பாவமோ" என்று அக்கா பலமுறை கேட்டார். எவருடைய பாவமும் இதற்குக் காரணமல்ல.

நான் சொன்ன சொல்

முதற் சுற்று மருந்து ஏறியது. ஒரு மருந்து ஏழு நாட்கள், இன்னொன்று அவற்றில் மூன்று நாட்கள். முடி கொட்டியது, வாய் புண்ணானது, ஒரு மாதம் வார்ட்டில் கிடந்தார். அதன் பின் மச்சையை எடுத்துச் சோதித்துவிட்டு ஒரு துண்டு தந்தார்கள். அது ஆங்கிலத்தில் இருந்தது. வார்ட்டில் விளக்கியவர் சிங்களத்தில் விளக்கினார். எனக்குப் பாதிதான் விளங்கியது. துண்டில் 'கொம்ப்ளீட் ரெமிஷன்' என்று எழுதியிருந்தது. 'கொம்ப்ளீட்' என்றால் முழுமை. அதனால் நான் அக்காவிடம், "முழுச் சுகம் அக்கா, ரத்தம் நல்லா வந்திட்டுதாம்" என்றேன்.

மேலும் மூன்று சுற்று மருந்து இருக்கிறது, வர வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். ஆனால் அக்காவின் மனம் விசுவமடுவில் இருந்தது. "பிள்ளையள் அம்மாவோட தனிய. வீட்டுத் திட்டத்துக்கு அத்திவாரம் வெட்டேக்க நான் நிக்க வேணும். சுகம் எண்டா இனி ஏன் அந்த நஞ்சை ஏத்துவான்?" என்று கேட்டார். நானும், "போட்டு வாங்கோ அக்கா, பிறகு பாப்பம்" என்றேன். வெள்ளவத்தையில் காலி வீதியில் நின்று இரவு பஸ் ஏற்றி அனுப்பினேன். கையில் பிள்ளைகளுக்கு வாங்கிய சப்பாத்துப் பெட்டிகள் இருந்தன.

நாலு மாதத்தில் காய்ச்சலுடன் திரும்பி வந்தார். நோய் மீண்டுவிட்டது. 2013 பெப்ரவரியில் அக்கா இறந்தார்.

திரும்பி வந்த நாட்களில் வார்ட்டில் தமிழ் பேசும் பெண் வைத்தியர் ஒருவர் இருந்தார். அவர்தான் எனக்கு அந்தச் சொல்லை விளக்கினார். ரெமிஷன் என்பது தணிவு. நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது மச்சையில் நோய்க் கலங்கள் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாக இருக்கின்றன, நல்ல குருதிக் கலங்கள் திரும்ப வந்துவிட்டன என்பதே அதன் பொருள். அந்த நிலையிலும் உடலில் கோடிக்கணக்கான நோய்க் கலங்கள் மறைந்திருக்கலாம். அடுத்தடுத்த சுற்றுகள் அவற்றுக்காகத்தான்.

"கோரை தெரியும்தானே?" என்று அக்காவிடமே கேட்டார் அவர். தோட்டம் செய்தவருக்குக் கோரை தெரியாமல் இருக்குமா? மேலே எவ்வளவு செருக்கினாலும் நிலம் ஒரு கிழமைக்குத் துப்புரவாகத்தான் தெரியும். கீழே கிழங்கு இருக்கும் வரை திரும்ப முளைக்கும். "அப்ப எனக்கு மேலைதான் செருக்கினவை" என்றார் அக்கா.

இரண்டரை இலட்சத்தில் ஒன்று

அக்காவின் பின் நான் இதைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன். கிழங்கு என்று வைத்தியர் சொன்னது வெறும் உவமை என்றே நினைத்திருந்தேன். அது ஆய்வில் கண்டறியப்பட்ட உண்மை.

எமது உறவினர் பலர் வாழும் கனடாவின் டொரொன்டோ நகரத்தில் இது தொடங்கியது. அங்கே ஜேம்ஸ் டில், ஏர்னஸ்ட் மக்கலக் என்ற இருவர் 1961இல், மச்சையில் உள்ள மிகச் சில கலங்கள் மட்டுமே முழுக் குருதியையும் உண்டாக்க வல்லவை என்பதற்கு வழி காட்டினர். அவையே குருதியின் மூலக்கலங்கள். அதே நகரத்தில் ஜோன் டிக் என்ற ஆய்வாளரின் குழு 1994இல், மனிதரின் குருதிப் புற்றுநோய்க் கலங்களை நோயெதிர்ப்பு இல்லாத சுண்டெலிகளுக்கு ஏற்றிப் பார்த்தது. ஏறத்தாழ 250,000 நோய்க் கலங்களுக்கு ஒன்று என்ற அளவில்தான் எலியில் புதிதாக நோயைத் தொடக்கும் வல்லமை இருந்தது. ஏனையவை சில காலம் பெருகி ஓய்ந்துபோகும் கலங்கள்.

அந்த ஒன்றே கோரைக் கிழங்கு. பெரும்பாலான மருந்துகள் வேகமாகப் பிரியும் கலங்களைத்தான் தாக்குகின்றன. வேர்க் கலங்களோ பெரும்பாலும் உறங்கிக் கிடப்பவை. புல் கருகிவிடும், கிழங்கு தங்கிவிடும்.

காட்டிக்கொடுக்கும் நொதியம்

சரி, இரண்டரை இலட்சத்தில் ஒன்றை எப்படித் தேடிப் பிடிப்பது? இங்கேதான் எனது வகுப்புப் பாடம் வந்து சேர்கிறது.

அல்டிஹைட் டீஹைட்ரோஜினேஸ் என்ற நொதியக் குடும்பம் ஒன்று உண்டு. பெயர்தான் நீளம், வேலை எளிது. அல்டிஹைட்டுக்கள் என்ற நச்சுத்தன்மையுள்ள பொருட்களைத் தீங்கு குறைந்த அமிலங்களாக மாற்றுவதே அதன் வேலை. சாராயம் குடித்தவரின் ஈரலில் உண்டாகும் நஞ்சை முறிப்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த நொதியம்தான். குருதியின் மூலக்கலங்களில் இந்த நொதியம் அதிகமாக வேலை செய்கிறது. அவை வாழ்நாள் முழுதும் பிழைத்திருந்து குருதியை உண்டாக்க வேண்டியவை. ஆகவே உடல் அவற்றுக்குத் தனிக் காவல் வைத்திருக்கிறது என்று சொல்லலாம்.

இந்தக் காவலையே அடையாளமாக்கினர். ஒளிரும் சாயம் பூட்டிய அல்டிஹைட்டு ஒன்றைக் கலங்களுக்குக் கொடுப்பார்கள். அது எல்லாக் கலங்களுக்குள்ளும் போகும், வெளியேயும் வரும். நொதியம் உள்ள கலத்துக்குள் அது அமிலமாக மாறி, மின்னேற்றம் பெற்று, வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கிவிடும். அந்தக் கலம் பச்சையாக ஒளிரும். கலங்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஒளியை அளக்கும் கருவி, அவற்றைத் தெரிந்து பிரித்துவிடும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தினர் 1999இல் இம்முறையை வெளியிட்டனர். நொதியம் அங்கே இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், அது உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்ப்பதே இதன் சிறப்பு. பிரித்தெடுத்த கலங்கள் சாகாமலும் இருக்கும். 2007இல் மார்பகப் புற்றுநோயிலும் இதே நொதியத்தைக் கொண்டு வேர்க் கலங்கள் இனங்காணப்பட்டன.

குருதிப் புற்றுநோயில் ஒரு சிக்கல் உண்டு. நல்ல மூலக்கலமும் ஒளிர்கிறது, நோயின் வேர்க் கலமும் ஒளிரலாம். பயிருக்கும் கோரைக்கும் ஒரே பச்சை நிறம்! அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2012இல் ஒரு வித்தியாசத்தைக் கண்டனர். நல்ல மூலக்கலங்கள் மிகப் பிரகாசமாக ஒளிர்ந்தன. நோயின் வேர்க் கலங்கள் பலரில் நடுத்தர ஒளியே காட்டின. தணிவு வந்த பின்னும் அந்த நடுத்தர ஒளிக் கலங்கள் மச்சையில் எஞ்சியிருந்தவர்களில் நோய் திரும்பும் அபாயம் அதிகமாக இருந்தது.

இதை வாசித்த அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அக்காவின் துண்டில் 'முழுமை' என்று எழுதிய அதே ஆண்டில், அந்த முழுமைக்குள் எது ஒளிந்திருக்கும் என்று வேறு நாட்டில் அளந்திருக்கிறார்கள்.

ஆனாலும் இதை மிகைப்படுத்தக் கூடாது. இந்நோய் எல்லோரிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலரில் நோய்க் கலங்கள் இந்த நொதியத்தை அதிகம் காட்டுகின்றன, சிலரில் மிகக் குறைவாகவே காட்டுகின்றன. ஆகவே இது ஆய்வுகூடங்களில் பயன்படும் முறையே தவிர, ஒவ்வொரு நோயாளிக்கும் வழக்கமாகச் செய்யும் பரிசோதனை அல்ல. எஞ்சிய நோயை அளக்க வேறு பரிசோதனைகள் உள்ளன. அவை உங்களுக்குத் தேவையா என்று வைத்தியரிடம் கேட்கலாம்.

போர் நஞ்சும் தாயின் மச்சையும்

இந்த நொதியத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. எம்மைப் போன்ற குடும்பங்களுக்கு அது முக்கியமானது.

முதலாம் உலகப் போரில் 1917இல் கடுகு வாயு என்ற நஞ்சு படையினர் மீது பயன்படுத்தப்பட்டது. அது வெண்கலங்களை அழிப்பதை வைத்தியர்கள் கவனித்தனர். அதே இனத்தைச் சேர்ந்த நைதரசன் சேர்வை ஒன்று 1942இல் அமெரிக்காவில் முதன்முதலாக ஒரு புற்றுநோயாளிக்கு மருந்தாகக் கொடுக்கப்பட்டது. அதன் வழியில் 1950களில் ஜேர்மனியில் உருவானதே சைக்ளோபொஸ்பமைட். பல குருதிப் புற்றுநோய்களுக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் இன்றும் பயன்படும் மருந்து இது. மனிதரைக் கொல்லச் செய்த நஞ்சில் இருந்து மனிதரைக் காக்கும் மருந்து வந்தது.

நாம் பேசிய நொதியம் இந்த மருந்தையும் முறித்துவிடும். நோய்க் கலத்தில் அது இருந்தால் மருந்து தோற்கும். ஆனால் நல்ல மூலக்கலத்தில் அது இருப்பது நன்மைக்கே. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியர்கள் இந்த நன்மையைப் பயன்படுத்தினர்.

மச்சை மாற்றுச் சிகிச்சைக்கு முழுமையாகப் பொருந்தும் ஒருவரைத் தேடுவார்கள். கூடப்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கு நாலில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. ஆறு பேர் பிறந்த வீட்டில் இருவர் எஞ்சியிருந்தால் அந்த வாய்ப்பு எவ்வளவு சுருங்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அக்காவுக்கு எனது குருதி பொருந்தவில்லை. "தம்பி இருந்திருந்தா" என்று அம்மா சொன்னதை இன்றும் மறக்க முடியவில்லை.

தாயும் தந்தையும் பிள்ளைக்கு எப்போதும் பாதி பொருந்துவர். பிள்ளையும் பெற்றோருக்குப் பாதி பொருந்தும். முன்னர் பாதிப் பொருத்தம் ஆபத்தானது. கொடுத்தவரின் போர்க் கலங்கள் நோயாளியின் உடலையே தாக்கும். மச்சையை ஏற்றி மூன்றாம், நாலாம் நாட்களில் சைக்ளோபொஸ்பமைட் கொடுத்தால், தாக்குவதற்காக வேகமாகப் பெருகும் அந்தக் கலங்கள் அழிகின்றன. புதிதாக ஏற்றிய மூலக்கலங்கள் தமது நொதியக் காவலால் தப்பிப் பிழைக்கின்றன. 2000களில் வளர்ந்த இம்முறையால், கூடப்பிறந்தவர் எவரும் இல்லாதவருக்கும் தாயோ பிள்ளையோ மச்சை கொடுக்க வழி பிறந்தது. இந்தியாவில் மச்சை மாற்றுச் சிகிச்சையை 1986இல் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் பாதிப் பொருத்த மாற்றுச் சிகிச்சையும் இப்போது செய்யப்படுகிறது. செலவு பெரிது, எல்லோருக்கும் ஏற்றதும் அல்ல. ஆனால் "சகோதரர் இல்லை, ஆகவே வழியில்லை" என்ற நிலை இன்று மாறிவிட்டது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

அக்காவின் வார்ட்டில் அடுத்த கட்டிலில் மட்டக்களப்புப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு தாய் இருந்தார். கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய அறையில் வேறு இரு நோயாளிகளுடன் தங்கி, எல்லாச் சுற்று மருந்தையும் முடித்துவிட்டே ஊருக்குப் போனார். இன்றும் சித்திரைப் புத்தாண்டுக்கு எனக்குத் தொலைபேசி எடுப்பார். அக்காவும் நின்றிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லமாட்டேன். இந்நோயில் பல வகைகள் உண்டு, எல்லா மருந்தும் எடுத்தவர்களுக்கும் அது திரும்புவதுண்டு. "உங்களை நீங்களே குற்றம் சொல்லாதீங்கோ" என்று அந்த வைத்தியரும் என்னிடம் சொன்னார். ஆனால் அக்காவுக்கு இருந்த வாய்ப்பை ஒரு சொல்லின் பிழையான கருத்து குறைத்துவிட்டது என்பது எனக்குத் தெரியும்.

ஆகவே சகோதரிகளே, உங்களுக்கோ உங்கள் வீட்டில் எவருக்குமோ இந்நோய் வந்தால் இவற்றைக் கேளுங்கள்:

நோயின் சரியான பெயரும் வகையும் என்ன? மொத்தம் எத்தனை சுற்று மருந்து, எவ்வளவு காலம்? இப்போது நல்லது என்று சொல்வது தணிவையா, முழுச் சுகத்தையா? எஞ்சிய நோயை அளக்கும் பரிசோதனை உண்டா? மச்சை மாற்று தேவைப்படுமா, பாதிப் பொருத்தம் பற்றி யோசிக்கலாமா?

மொழி விளங்காவிட்டால் விளங்கியது போலத் தலையாட்டாதீர்கள். தமிழ் தெரிந்த தாதியை, வைத்தியரை அழைத்துத் தரும்படி கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிறேன் என்ற நினைப்பில் கேட்காமல் விட்டவள் நான்.

இடையில் ஊருக்குப் போகத்தான் வேண்டும் என்றால், அதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லி, திரும்பி வரும் திகதியை எழுதி வாங்குங்கள். பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை, போக்குவரத்துக்குக் காசில்லை என்றால் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். ஊர் மாதர் சங்கத்துக்குச் சொல்லுங்கள். ஒரு தாய் சிகிச்சையை முடிக்கும் வரை அவரது பிள்ளைகளுக்கு மாறி மாறிச் சோறு கொடுப்பது நாம் செய்யக்கூடிய உதவி. அக்காவுக்கு அப்படி நாலு வீடு இருந்திருந்தால் அன்று அவர் பஸ் ஏறியிருக்கமாட்டார்.

புற்றுநோய்க்கான தேசிய வைத்தியசாலையான அபேக்ஷா மகரகமவில் உள்ளது. புறக்கோட்டையில் இருந்து 138ஆம் இலக்க பஸ் அங்கே போகும். வடக்கில் உள்ளவர்களுக்கு இப்போது தெல்லிப்பழையிலும் புற்றுநோய் வைத்தியசாலை உண்டு. 2011இல் தெற்கே தெய்வேந்திர முனையில் இருந்து பருத்தித்துறை வரை சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களுமாக நடந்து திரட்டிய நிதியால் அது கட்டப்பட்டது. அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம்.

அக்காவின் மகள் இப்போது தாயாகிவிட்டாள். சென்ற முறை விசுவமடுவுக்குப் போனபோது அவள் வெங்காயப் பாத்தியில் குந்தியிருந்து மண்வெட்டியின்றிக் கையாலேயே கோரை பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டேன். "கிழங்கோட வர வேணும் சித்தி" என்றாள்.